லேசான வருடங்கள்

அன்பும் மரியாதையும் மிக்க பாவா ரெவரெண்ட் ஞானமுத்து அவர்களுக்கு, திருத்தணியிலிருந்து மைத்துனன் தேவராஜ் ஸ்தோத்திரத்துடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் என் தொண்டையைத் தவிர இங்கே யாவும் சுகம். அக்காவின் முழங்காலுக்காக ஜெபித்து வருகிறோம்.

அந்தத் தொண்டையால் வந்த வினைதான் இக்கடிதம். 'விஞ்ஞானமும் விசுவாசமும்' என்று நம் சபையில் பேச, கொரியாவிலிருந்து டாக்டர் கிம் என்ற வானியல் அறிஞர் வந்தார். ஓய்வுபெற்ற பிசிக்ஸ் வாத்தியார் என்பதால் நான்தான் மொழிபெயர்ப்பு. ஞாயிறு காலை பார்த்து எனக்குக் குரல் போய்விட, பொருளாளர் சாலமோன் தன் போனை மைக் பக்கத்தில் வைத்து, அவர் இங்கிலீஷில் பேசப்பேச இது தமிழில் சொல்லிவிடும் என்றார். சொன்னது பாவா, என்னத்தைச் சொல்ல! "பிரபஞ்சம் விரிவாக்கம் செய்யப்படுகிறது" என்றதும், ரோடு விரிவாக்கத்துக்கு அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் அல்லவா, சாலமோனே வெளுத்துப்போய், "அண்ணே, நம்ம காம்பவுண்டு செவுரு பூடுமா?" என்று என் காதைக் கடித்தார்.

அது போகட்டும். நட்சத்திரம் பல 'லைட் இயர்ஸ்', அதாவது ஒளியாண்டு, தூரத்தில் இருக்கிறது என்று அவர் சொன்னதை, "நமக்கு முன்னால் பல லேசான வருடங்கள் இருக்கின்றன" என்றது அந்தப் பாழாய்ப்போன போன். நான் எழுந்து கையை ஆட்டுவதற்குள், "ஆமென்!" என்று ஒரு குரல். பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டும் புவனா. புருஷன் இறந்துபோனதிலிருந்து கோயிலில் வாயே திறக்காதவள். அவளைப் பார்த்துச் சபை முழுக்க அல்லேலூயா.

பொய் நம்பிக்கை கூடாதென்று மறுநாள், குரல் கொஞ்சம் திரும்பியதும், பஸ் ஏறிப் போனேன். "வாங்க ஐயா! நேத்துதான் வயிறாரத் துன்னேன், தூங்கினேன். இனிமே வர்ற வருஷம்லாம் லேசா இருக்குமாமே? அந்த ஒரு சொல்ல கெட்டியா புட்ச்சிகினு கீறேன்" என்றாள். ஒளியின் வேகத்தைச் சொல்ல வாயைத் திறந்தவன், "ஆமாம்மா" என்று காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன். டாக்டர் கிம்மிடம் சொன்னேன். "என் பேச்சில் உருப்படியான வாக்கியம் அது ஒன்றுதான் போலிருக்கிறது" என்றார்.

பொய்க்குத் துணைபோனவன் இனி சபையில் மொழிபெயர்க்கலாமா? ராஜினாமா செய்வதாகத் தீர்மானித்துவிட்டேன். கர்த்தர் உங்கள் இருவரையும் தம் நிழலில் காப்பாராக.

இப்படிக்கு,
தேவராஜ்

பி.கு.: இப்போதுதான் புவனா போன் செய்தாள். "அது தூரக் கணக்காமே, எம் பொண்ணு அபி சொல்லிட்டா. இருந்துட்டுப் போவட்டும் ஐயா, தூங்கினது தூங்கினதுதானே? அடுத்த வாரம் தறிக்காரங்க நாலு பேரை இட்டுகினு வரேன். மெஷினு வேணாம், நீங்களே சொல்லுங்க" என்றாள். மிளகுக் கஷாயம் குடித்துக்கொண்டிருக்கிறேன். ராஜினாமா விஷயம் அக்காவுக்குத் தெரிய வேண்டாம்.