சாலமோன் ஒரு மாதிரி நினைச்சுட்டா?

'ஒரு வார்த்தை கேட்டுடலாமே' என்றொரு மனித இனம் நம்மிடையே நடமாடுகிறது. முடிவெடுக்க அதற்குப் பயமே கிடையாது. தனியாக எடுப்பதைத்தான் அநாகரிகம் என்று நினைக்கும். எண்ணூர்ப் பக்கத்துக் கன்டெய்னர் யார்டு ஒன்றின் கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவர் ஜெகதீசன், இந்த இனத்தின் செழிப்பான மாதிரி.

அவருக்குக் கீழே வேலை பார்த்தவள் வியாசர்பாடி மகிழினி. அந்த யார்டில் எட்டு கேட். வரும் ஒவ்வொரு லாரியையும் ஐந்து கம்ப்யூட்டர்கள் சரிபார்க்கும். மூன்று 'சரி' என்றால் கேட் திறக்கும். இரண்டு படுத்துவிட்டாலும் வேலை நிற்காது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் லாரிக்கு லாரி தனித்தனி ஓட்டெடுப்பு நடந்ததில், வரிசை விம்கோ நகர் வரை நீண்டது. மகிழினி ஒரு வழி கண்டுபிடித்தாள். அந்த நொடியில் எட்டு கேட்டிலும் நிற்கிற லாரிகளை ஒரே கட்டாக்கி, ஒரே ஓட்டு! ஒரு வாரம் சோதித்தாள். வேண்டுமென்றே இரண்டு கம்ப்யூட்டர்களை அணைத்தும் பார்த்தாள். ஒரு பதிவுகூடத் தவறவில்லை.

"பிரமாதம்மா!" என்றார் ஜெகதீசன். "எல்லார்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடலாம்."

அவரைத் தவிர்த்துக் குழுவில் ஐந்து பேர். மூன்று பேர் சரி என்றார்கள். ஃப்ளோரன்ஸ், சாலமோன் சொன்னால் தனக்கும் சரி என்றாள். சாலமோனோ மச்சினி கல்யாணத்துக்குத் தூத்துக்குடி போயிருந்தார். போனை எடுக்கவில்லை.

"மூணு பேர் போதுமே சார். மெஷினே அப்படித்தானே ஓடுது?"

"மெஷினுக்கு மனசு கிடையாதும்மா. நாளைக்கு சாலமோன் ஒரு மாதிரி நினைச்சுட்டா?"

சாலமோன் அப்படி நினைத்துவிடக்கூடாதே என்று முந்நூறு லாரிகள் மூன்று நாள் வெயிலில் நின்றன. மூன்றாம் நாள், பரசுராமன் என்ற டிரைவர் நேரே அறைக்குள் வந்துவிட்டார்.

"இன்னா சார், ரெண்டு நாளா வண்டியிலயே குந்திகினு கீறேன். இங்க சீட்டு குட்த்தாதான் காட்டுப்பள்ளி ஹார்பர்ல உள்ள வுடுவான். அஞ்சு மணிக்கு மேல பொட்டி வாங்க மாட்டான். கப்பலு போய்ட்டா என் வேல காலி. வூட்ல இன்னா சொல்றது?"

ஜெகதீசன் உருகிப்போனார். நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, கனிவாகக் கேட்டார்: "கட்டுகட்டா ஓட்டெடுக்கறதைப் பத்தி உங்க அபிப்பிராயம் என்னங்க?"

பரசுராமன் மகிழினியைப் பார்த்தார். "இவுரு நல்லாத்தான் கீறாராம்மா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மணி இரண்டு. தன் வேலை போனாலும் போகட்டும் என்று புது முறையை ஓடவிட்டாள். கேட்கள் சடசடவென்று திறந்தன. நாலரைக்குப் பரசுராமனின் பெட்டி துறைமுகத்துக்குள் போய்விட்டது.

மறுநாள் கூட்டம். பொருள்: 'கேட்காமல் செய்தது முறையா?' சாலமோனும் வந்திருந்தார். "எனக்காகவா நிறுத்தி வெச்சீங்க? நல்ல காரியம் பண்ணே மகிழினி!" என்றார். ஃப்ளோரன்ஸும் உடனே தலையாட்டினாள். ஐந்துக்கு ஐந்து!

"நீங்க என்ன சார் சொல்றீங்க?" என்று கேட்டாள் மகிழினி.

ஏ.சி. அறையில் ஜெகதீசனுக்கு வியர்த்தது. "வீட்ல கலந்துகிட்டு சொல்றேனே..."

புது முறை இன்றைக்கும் ஓடுகிறது. கோப்பில் மட்டும் 'பரிசீலனையில்' என்று இருக்கிறது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் சிரிப்பதற்கு முன், பக்கத்தில் இருப்பவர் சிரிக்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்தீர்களே, அது எதற்கு?