சம்பந்தியின் காரில் உடைந்த இணைப்பு

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். வெளியூரில் நீங்களும் சம்பந்தியம்மாவும் சௌக்கியமாக இருப்பீர்கள். இதைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் என் முதல் வேண்டுதல்.

சொந்த மகனைக்கூட நம்பாமல் உங்கள் பழைய காரை என்னிடம் விட்டுப் போனீர்கள். "வாங்கின நாள்லேர்ந்து ஒரு ஆணி மாத்தினதில்ல, எல்லாம் கம்பெனி சாமான், பத்திரம்" என்றீர்கள். நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன். போன செவ்வாய்க்கிழமை, தூசி தட்டுகிறேன் பேர்வழி என்று பானெட்டைத் திறந்து துணியால் ஒரு இழுப்பு இழுத்தேன், டப்பென்று ஒரு சத்தம், இரண்டு ரப்பர் குழாய்களைச் சேர்த்துப் பிடித்திருந்த சின்ன இணைப்பு உடைந்து கையோடு வந்துவிட்டது. அதிலிருந்து ஸ்டார்ட் செய்தால் உஸ்ஸென்று சீறுகிறது, சிக்னலில் நின்றால் வண்டி மொத்தமும் குலுங்கி அணைந்துபோகிறது. என் மகளிடம் சொன்னேன். "மாமாவுக்கு அந்தக் காருன்னா உசுருப்பா. அவர் வர்றதுக்குள்ள சரிபண்ணலேன்னா அந்த வீட்ல நான் எப்படி நிமிர்ந்து நடப்பேன்?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

மெக்கானிக் பார்த்தார். "இது வேக்குவம் ஓஸ் சார், இஞ்சின் காத்தை உறிஞ்சுற குழாய். விட்டுப்போனா இப்படித்தான் ஆடும். ஆனா நடுவுல மாட்டியிருந்த சாமான்தான் என்னன்னு புரியல. ஒரு பக்கம் தடி, ஒரு பக்கம் ஒல்லி. எந்தக் கம்பெனிக்காரனும் இப்படிச் செய்ய மாட்டான்" என்றார். அப்போதுகூட எனக்குப் பெருமைதான் பொங்கியது, எங்கள் சம்பந்தியின் வண்டி தனி ரகம் என்று. உதிரிபாகக் கடைக்காரரோ "பேரைச் சொல்லுங்க, எடுத்துத் தர்றேன்" என்கிறார். பேர் தெரிந்தால் நான் ஏன் அவரிடம் போய்ப் பல்லை இளிக்கிறேன்? மீன்தொட்டிக் கடைக்காரர் "பம்ப்புல மாட்டறது மாதிரிதான் இருக்கு, ஆனா இல்ல" என்றார். பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "பல் இல்லங்கிறது மட்டும் நிச்சயம்" என்று கையில் கொடுத்துவிட்டார்.

உடைத்தவன் நான்தான். என் மகள் மேல் குற்றமே இல்லை. அவளை ஒன்றும் சொல்லிவிடாதீர்கள். அந்தச் சாமானின் பெயரை மட்டும் எழுதுங்கள், எந்த மூலையில் கிடைத்தாலும் வரவழைத்துவிடுகிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாத
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையில் போடும் நேரத்தில் என் மனைவி வந்து, "இவ்வளவு அழுக்கை மேஜை மேலயா வைப்பீங்க?" என்று அந்த உடைந்த சாமானைப் பிடுங்கிப் பாத்திரம் தேய்க்கும் நாரால் ஒரு தேய் தேய்த்தாள். கறுப்பெல்லாம் போய் நீலம் தெரிந்தது. நீலத்தின் மேல் நீங்கள் வேலை பார்த்த அலுவலகத்தின் பெயர், அதன் கீழே 'அன்பளிப்பு'. பால்பாயிண்ட் பேனாவின் கீழ்ப்பாதி! ஆகவே மேலே எழுதியதையெல்லாம் படிக்காததாக வைத்துக்கொள்ளுங்கள். போனில் சொன்னால் என் மகள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள், இன்னும் நிற்கவில்லை. என் பேனாவை வெட்டி மாட்டிவிட்டேன், வண்டி வாயைத் திறக்காமல் ஓடுகிறது. இந்த வரிகளை வெறும் ரீபிளைப் பிடித்து எழுதுகிறேன், கையெழுத்துக் கோணலைப் பொறுத்துக்கொள்ளவும்.