கானாங்கோழி குறித்த தீர்ப்பு

ஒரு பறவை இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் தகுதி அந்தப் பறவைக்குக் கிடையாது. அந்த மாபெரும் பொறுப்பை மனிதகுலம் எங்கள் 'அரிய பறவை மெய்ப்பிப்புக் குழு'விடம் ஒப்படைத்திருக்கிறது. தலைவர் ஓய்வுபெற்ற வரி அதிகாரி. யார் எதைச் சொன்னாலும் பொய் என்ற இடத்திலிருந்துதான் தொடங்குவார். அடுத்தவர் நிபுணர். மூன்றாவது, செயலாளராகிய அடியேன். குழு தொடங்கிய நாளிலிருந்து ஒரு பொய்ப் பறவையைக்கூட நாங்கள் ஏற்றுக்கொண்டதில்லை. மெய்ப் பறவையையும் ஏற்றதில்லை என்று சில வயிற்றெரிச்சல்காரர்கள் சொல்லித் திரிகிறார்கள்.

இப்பேர்ப்பட்ட குழுவின் முன்னால் என் மனைவியின் தங்கையே வந்து நின்றாள். அவள் பல் டாக்டர். அவளுடைய கிளினிக் ஜன்னலுக்குக் கீழே ஒரு குளம். குளத்துக் கோரைக்குள் செம்புருவக் கானாங்கோழி கூடு கட்டியிருக்கிறதாம். எங்கள் பக்கத்தில் அதை யாரும் பார்த்து ஒரு தலைமுறை ஆகிறது. நகராட்சியோ குளத்தை மூடிக் கார் நிறுத்துமிடம் ஆக்க லாரிகளைத் தயாராக வைத்திருந்தது. பறவை உண்டென்று குழு கையெழுத்துப் போட்டால் லாரிகள் வந்த வழியே திரும்பிவிடும்.

"அத்தான், கூட்டுல முட்டை இருக்கு. சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க."

"குழுவுக்கு உறவுமுறை கிடையாதும்மா," என்றேன். சொல்லும்போதே எனக்குப் புல்லரித்தது.

விசாரணையில் தலைவர் அவள் கொடுத்த படத்தை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார்.

"என்னம்மா, ரொம்பத் தெளிவா இருக்கே?"

"நல்ல கேமரா சார்."

"அரிய பறவைன்னா இப்படி நின்னு போஸ் குடுக்குமா? போன வருஷம் ஒருத்தர் மங்கலா ஒரு படம் கொண்டுவந்தார். அதுல ஒரு நேர்மை இருந்துச்சு."

"அப்ப அத ஏத்துக்கிட்டீங்களா?"

"எப்படி ஏத்துக்கறது? மங்கலா இருந்துச்சே!"

வேறு சாட்சி உண்டா என்று கேட்டார்.

"அப்ப சிகிச்சைக்குப் படுத்திருந்தவரும் பார்த்தார் சார்."

"பார்த்துட்டு என்ன சொன்னார்?"

"வாய்க்குள்ள என் கருவி இருந்துச்சு. 'ஆ'ன்னார்."

'சாட்சி மழுப்பினார்' என்று குறித்துக்கொண்டேன்.

அவளுக்குப் பொறுமை போய்விட்டது. "எதுக்கு சார் இத்தனை கேள்வி? வந்து ஜன்னல் வழியா ஒரு தடவ எட்டிப் பாருங்க. தீந்தது!"

தலைவர் குழந்தைக்குச் சொல்வதுபோல விளக்கினார். நேரில் பார்த்தவர் சாட்சி ஆகிவிடுகிறார். சாட்சியே தீர்ப்புச் சொல்லலாமா? ஆகவே, பார்க்காதவருக்குத்தான் தீர்ப்பளிக்கும் தகுதி உண்டு. இவ்வளவு எளிய விஷயம் படித்தவர்களுக்கே புரிவதில்லை.

ஆனாலும் பெருந்தன்மையாக, அடுத்த அமர்வை அவள் கிளினிக்கிலேயே நடத்தினோம். தலைவரின் முதல் உத்தரவு, ஜன்னல் திரையை இழுத்து மூட வேண்டும் என்பது. நான் கூடுதல் எச்சரிக்கையாக ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

கீழேயிருந்து 'கிர்ர்ரக்' என்று ஒரு குரல் வந்தது.

"அத குறிப்புல ஏத்தாதீங்க," என்றார் தலைவர்.

நிபுணருக்குத்தான் கட்டுப்பாடு போதவில்லை. பாவம், வாழ்நாள் முழுதும் பறவையோடு பழகிக் கெட்டுப்போனவர். திரையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டார்.

"அதேதான் சார்! குஞ்சு பொரிச்சிருக்கு! தாய் பின்னாடியே ஓடுது!"

"பார்த்துட்டீங்களா?"

"கண்ணாரப் பார்த்தேன் சார்!"

"அப்ப எழுந்து அந்தப் பக்கம் போய் உக்காருங்க. இனி நீங்க சாட்சி."

இப்போது குழுவில் பறவைகளைப் பற்றி ஒன்றுமே தெரியாத இரண்டு பேர் மட்டும் மிஞ்சினோம். நடுநிலை இதைவிடச் சுத்தமாக இருக்க முடியாது.

மைத்துனி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தான், கழுத்த மட்டும் கொஞ்சம் திருப்புங்க. உங்களக் கெஞ்சிக் கேக்கறேன்."

கழுத்து என்னுடையதுதான். பதவி குழுவினுடையது அல்லவா? நான் திருப்பவில்லை. 'ஆதாரம் போதாது' என்று இருவரும் கையெழுத்திட்டோம். தாமதமில்லாமல் லாரிகள் வந்தன. நகராட்சி அப்படி ஒரு சுறுசுறுப்பைக் காட்டி யாரும் பார்த்ததில்லை.

கார் நிறுத்துமிடம் திறந்த பிறகு, முணுமுணுப்புகளுக்கு முற்றுப்புள்ளி வைக்க, தலைவர் நேரடி ஆய்வுக்கு உத்தரவிட்டார். எங்கள் வரலாற்றிலேயே முதல் நேரடி ஆய்வு. பார்க்க ஒன்றுமில்லாத இடத்தைப் பார்ப்பதற்கு விதியில் தடை கிடையாது. நிபுணர் வரவில்லை, அவர் எங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டார். காரை நிறுத்தி இறங்கி, தொலைநோக்கியால் நாலாபுறமும் அலசினோம். சிமெண்ட் தரை, வெள்ளைக் கோடுகள், அவ்வளவுதான்.

"பாத்தீங்களா? நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார் தலைவர். அவர் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

மைத்துனி கிளினிக் படியிறங்கி வந்துகொண்டிருந்தாள். கோபத்தை மனதில் வைக்காமல் நானே பேச்சுக் கொடுத்தேன்.

"இப்பவாவது ஒத்துக்கறியாம்மா?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கள் கார் நின்றிருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒத்துக்கறேன் அத்தான். இங்க ஒரு பறவையும் இல்ல."

முறையிட்டவரே ஒப்புக்கொண்டுவிட்டதால், தீர்ப்பு ஏகமனதானது என்று குறிப்பில் எழுதிக்கொண்டேன்.