கத்தாரிலிருந்து வந்த சிவன் பாட்டு

உயர்தரத்தில் தமிழ் இலக்கியம் படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் பொருள் சொல்லிவிடுவான். (எழுதியவன் பக்கத்தில் இல்லாவிட்டால் இன்னும் நன்றாகச் சொல்லுவான்.) எனக்கு அந்த வியாதி முற்றிப்போனது யுத்தகாலத்தில், பத்தொன்பதாவது வயதில்.

கத்தாரில் வேலை செய்த மச்சான் ஒரு கெசெட் அனுப்பியிருந்தான். அட்டையில் தீக்குள் சிரிக்கும் ஒரு மண்டையோடு. ஹெவி மெட்டல் இசையாம். எங்கள் ஊர் நாவற்குடாவில் அதைக் கேட்கிற ஒரே நாகரிக மனிதன் நான்தான் என்ற நினைப்பில், வீட்டு ரேடியோவில் சத்தமாகப் போட்டேன். அப்பா ஊர்ப் பிள்ளையார் கோயிலின் வண்ணக்கர். கோயில் நிர்வாகமே அவர் கையில். திருநீறு கலையாமல் வந்து நின்றார்.

"என்ன மனே இது, மாடு அறுக்கிற சத்தம்? வாவிக்குள்ள எறிஞ்சிடுவன்!"

கெசெட்டைக் காப்பாற்ற வேண்டும். உறையிலிருந்த பாட்டு வரிகளில் எனக்கு விளங்கியது ஏழெட்டுச் சொல். எலும்பு, சாம்பல், நெருப்பு, நஞ்சு, மண்டையோடு. போதாதா?

"அப்பா, இது சிவன் பாட்டு. சுடலையில சாம்பல் பூசி ஆடுறதத்தான் வெள்ளைக்காரன் பாடுறான். இந்தா, 'எனக்கு வீட்டுக்குப் போகவேணும்' எண்டு கெஞ்சுறான். முத்தி கேக்கிறான்."

அப்பாவின் கண் கலங்கிவிட்டது. "வெள்ளைக்காரனுக்கே விளங்கியிருக்கு" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. (மடையன்.)

அந்த வருடத் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்ட, அப்பா இராணுவ முகாமுக்கு ஆறு தரம் நடந்து அனுமதி வாங்கியிருந்தார். நாலாம் நாள் காலையில் நான் கோயில் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது, கோபுரத்துக்கு மேலால் அந்தப் பாட்டு அலறியது. மகன் பிள்ளையாரின் கோயிலில் தகப்பன் சிவனின் பாட்டையும் போட வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை வந்திருக்கிறது. புறாக்கள் அவ்வளவும் பறந்தன. பூசை செய்துகொண்டிருந்த ஐயர் மணியைக் கீழே போட்டார்.

பாட்டு முடிய முன்னமே ஜீப் வந்துவிட்டது. ஒரு இளம் அதிகாரி, பின்னால் ஐந்து சிப்பாய்கள்.

"இது என்ன சிக்னல்? யாருக்கு?" அரைகுறைத் தமிழில் அதட்டினார்.

"சாமிப் பாட்டு சேர்" என்றார் அப்பா, கொஞ்சமும் அசராமல். "என்ர மகன் இங்கிலீசு படிச்சவன். அவன் விளங்கப்படுத்துவான்."

அந்த நாட்களில் ஜீப்பில் ஏற்றப்பட்ட பத்தொன்பது வயதுக்காரர் எல்லோரும் திரும்பி வரவில்லை. பயத்தில் என் வேட்டி தானாக அவிழப் பார்த்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சுடலை, சாம்பல், முத்தி எல்லாவற்றையும் ஒப்புவித்தேன்.

அதிகாரி கெசெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைத் தள்ளிக்கொண்டு போய், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக இங்கிலீசில் சொன்னார். இது அவர் பள்ளிக்கூடத்தில் கேட்ட பாட்டாம். பாடுகிறவன் ஒரு சிப்பாயாம். பெரியவர்கள் கதிரையில் இருந்து சண்டை பிடிக்க, சாகப்போகிறவன் நான், எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும் என்று அழுகிறானாம். அந்த மண்டையோடு அவனுடையதாம்.

பின்னால் நின்ற ஐந்து பேரையும் ஒருதரம் பார்த்தார். "இனிப் போடாதே. என் பொடியன்களுக்கு விளங்கினால் வீட்டுக்குப் போய்விடுவான்கள்."

கெசெட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஏறிப் போய்விட்டார். ஒலிபெருக்கியில் கை வைக்கவில்லை. எனக்கு உயிர் திரும்பி வந்தது.

"என்னவாம் மனே?" அப்பா ஓடி வந்தார்.

பட்டும் திருந்தவில்லை நான். "நல்ல பாட்டாம் அப்பா. கேட்டுப்போட்டுத் தாறாராம்."

இரண்டு நாள் கழித்துப் பின்னேரம் முகாம் பக்கமிருந்து, மெல்லிய சத்தத்தில், அதே பாட்டு காற்றோடு வந்தது. அப்பா கோயில் தேர்முட்டியடியில் நின்று இரண்டு கையையும் கூப்பினார்.

"பாத்தியா? அவனுகளுக்கும் பக்தி வந்திட்டுது!"

சாகும்வரை அதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். நான் திருத்தவில்லை. அந்தப் பொடியன்களுக்கு வீட்டுக்குப் போவதைவிட வேறு என்ன முத்தி இருந்திருக்கப் போகிறது?

உண்மை தெரிந்தது என் மனைவிக்கு மட்டும். அவள் விடுவாளா? போன மாதம் டொக்டர் தந்த இரத்தப் பரிசோதனை அறிக்கையை நான் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்கியதும், மகளைக் கூப்பிட்டாள்.

"புள்ள, கெதியா வந்து அத வாங்கு. அப்பா சிவனக் கொண்டுவரப் போறார்."