கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பவர்

மனிதர்களில் மேற்கோளார் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள், பெயர்தான் தெரிந்திருக்காது. எனக்கு வகை பிரிப்பதே பிழைப்பு. சுகாதார ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில் கொசுக்களை ஊசியில் குத்தி, இது இன்ன வகை, இது இன்ன வகை என்று சீட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறவன் நான். பழக்க தோஷம், கூட வேலை பார்க்கிறவர்களையும் அப்படியே பார்த்துவிடுகிறேன். ஊசியில் குத்துவதில்லை, அவ்வளவுதான்.

மேற்கோள் என்றால் என்னவென்று வெளியாட்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர், தனக்கு முன்னால் அந்த விஷயத்தைப் பற்றி எழுதியவர்களை நடுநடுவே எண் போட்டுச் சுட்டி, கடைசிப் பக்கத்தில் அவர்கள் பெயரையெல்லாம் வரிசையாகக் கொடுக்க வேண்டும். அந்த வரிசையில் உங்கள் பெயர் வந்தால் உங்களுக்கு ஒரு மேற்கோள். உலகத்தின் எந்த மூலையில் யார் குறிப்பிட்டாலும் கணினி கூட்டிக் காட்டிவிடும். பதவி உயர்வு, பரிசு, விமானத்தில் போய் வரும் மாநாடு எல்லாமே அந்தக் கூட்டுத்தொகையைப் பார்த்துத்தான். எதற்காகக் குறிப்பிட்டார்கள், புகழ்ந்தா, திட்டியா என்று கணினி கேட்பதில்லை. அது இயந்திரம், விட்டுவிடலாம். மேற்கோளாரும் கேட்பதில்லையே, அவரை என்ன செய்வது?

எங்கள் மேற்கோளார் முழங்கால்காரர். தலைமுடி கறுப்பாக இருந்த காலத்தில், முழங்கால் வலிக்கு ஓய்வே மருந்து என்று ஒரு கட்டுரை எழுதினார். ஏறாதே, இறங்காதே, நடக்காதே, உட்கார். சாரம் இதுதான். அதற்குப் பிறகு அவர் எழுதியதெல்லாம் அந்தக் கட்டுரையைக் குறிப்பிடுவதற்காக எழுதியவை. இடது முழங்காலுக்கு ஓய்வு, வலது முழங்காலுக்கு ஓய்வு, இரண்டையும் ஒப்பிட்டு ஒன்று, ஒப்பிட்டதைப் பற்றி ஒரு மறுபார்வை என்று குட்டி போட்டுக்கொண்டே போன அந்தக் குடும்பத்தில் ஒவ்வொரு பிள்ளையும் கடைசிப் பக்கத்தில் அப்பாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போகும்.

காலையில் அறைக்குள் நுழைந்ததும் விளக்கைப் போடுவதற்கு முன்னால் கணினியைப் போடுவார். எண் ஏறியிருந்தால் நமக்கெல்லாம் வணக்கம் கிடைக்கும். ஏறவில்லையா? அன்றைக்கு டீ சரியில்லை, ஜன்னல் சரியில்லை, எங்கள் பிரிவுக் கொசுக்கள் அவர் அறைக்கு வந்து கடிக்கின்றன. என் கொசுக்கள் செத்தவை என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

ஒருநாள் வாயெல்லாம் பல்லாக என் அறைக்கு வந்தார்.

"கொசு பத்தி ஒரு பேப்பர் அனுப்பப் போறீங்களாமே?"

"ஆமா சார்."

"நம்ம முழங்கால் பேப்பரை சைட் பண்ணி ஒரு மேற்கோள் போட்டுடுங்க."

"சார், கொசுவுக்கும் முழங்காலுக்கும் என்ன சார் சம்பந்தம்?"

"கொசு எங்க கடிக்கும்? கால்ல கடிக்கும். கடிச்சா என்ன பண்ணுவீங்க? குனிஞ்சு சொறிவீங்க. குனிஞ்சா எது மடங்கும்?"

முழங்கால் மடங்கும். என் கொசுக் கட்டுரையில் முழங்கால் ஏறி உட்கார்ந்துகொண்டது.

இது நேரில் கேட்பது. மறைவில் கேட்பது வேறு விதம். ஆய்விதழ்கள் ஒரு கட்டுரையை வெளியிடுவதற்கு முன்னால் அதே துறைக்காரர் ஒருவரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்கும். கருத்துச் சொல்பவர் யாரென்று எழுதியவருக்குத் தெரியக் கூடாது, காதும் காதும் வைத்தாற்போல நடக்க வேண்டிய காரியம். மேற்கோளார் கருத்து எழுதுவார்: "கட்டுரை நன்று. எனினும் இத்துறையின் அடிப்படையான மூன்று கட்டுரைகளை ஆசிரியர் கவனிக்கத் தவறியது வருந்தத்தக்கது." மூன்றும் யாருடையவை என்று சொல்ல வேண்டுமா? கையெழுத்துப் போட்டு, முகவரி எழுதி, புகைப்படமும் ஒட்டி அனுப்பியிருந்தால்கூட இவ்வளவு பளிச்சென்று தெரிந்திருக்காது.

எங்கள் பழைய இயக்குநர் காலமானபோது இரங்கல் கூட்டம் நடந்தது. மேற்கோளார் எழுந்தார், தொண்டையைச் செருமினார், "மறைந்தவர் பெரிய மனசுக்காரர். என் கட்டுரையை நாலு இடத்தில் குறிப்பிட்டிருக்கிறார்" என்று சொல்லிவிட்டு மேலே பேச முடியாமல் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது உண்மை. இனி ஐந்தாவது இடம் கிடையாதே.

இவர் மற்றவர்களின் கட்டுரைகளைப் படிப்பாரா என்று கேட்பீர்கள். படிப்பார், நன்றாகவே படிப்பார். கடைசிப் பக்கத்தை. எந்தக் கட்டுரை கைக்கு வந்தாலும் அப்படியே குப்புறப் போட்டு, பெயர் வரிசையில் விரலை ஓட்டி, தன் பெயர் வந்த இடத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போடுவார். பெயர் இருந்தால் நல்ல கட்டுரை. இல்லாவிட்டால் ஆழமில்லாத கட்டுரை. முன்பக்கங்களைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேறென்ன இருக்கிறது?

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம்தான், அவர் வீட்டில் ஒருத்தி உட்கார்ந்திருக்காவிட்டால்.

அவருடைய மனைவி பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராக இருந்தவர். வகுப்பில் உட்காரவே மாட்டாராம். முழங்காலில் வலி என்று ஒருநாள் சொன்னார். சொன்னது யாரிடம்? கட்டுரை எழுதியவரிடமே. வேலையை விடச் சொன்னார் கணவர், விட்டார். கூடத்தில் மெத்தை வைத்த நாற்காலி வந்தது, எதிரே கால் நீட்ட ஒரு முக்காலி வந்தது. அந்த அம்மாள் உட்கார்ந்தவர்தான். வருஷங்கள் ஓடின, வலி போகவில்லை. போகாதது மட்டுமில்லை, சமையலறைக்குப் போய் வருவதற்கே சுவரைப் பிடிக்க வேண்டியதாயிற்று. மகள் அடுத்த தெருவில்தான் இருந்தாள். மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. பேத்தி பிறந்தாள். குழந்தையைக் கீழே தூக்கி வந்தால் இவர் பார்க்கலாம். தூக்கி வராத நாளில் போனில் அதன் அழுகையைக் கேட்கலாம். "நான் ஒரு தடவை ஏறிப் பாக்கட்டுமா?" என்று அவர் கேட்கும்போதெல்லாம், "என் பேப்பர் என்ன சொல்லுது?" என்பார் மேற்கோளார். எனக்கு இந்த இடத்தில் கேலி வருவதில்லை. கோபம்தான் வருகிறது.

இப்படி இருக்கையில், ஒருநாள் எண் எகிறியது. சாதாரணமாக எறும்பு மாதிரி ஊர்கிற எண் தத்தித் தாவிக் குதித்து ஓடியது. மேற்கோளாருக்குத் தலைகால் புரியவில்லை. நிறுவனம் முழுவதற்கும் கேக் வந்தது. அவர் கேக் வெட்டும்போது, புள்ளியியல் பார்க்கும் அம்மாள் மெதுவாகக் கேட்டார்:

"சார், குறிப்பிட்டவங்க என்ன எழுதியிருக்காங்கன்னு பாத்தீங்களா?"

"பாத்தேனே! எல்லாத்துலயும் என் பேர் இருக்கு."

"இருக்கு சார். ஓய்வுன்னு சொன்னது தப்புன்னுதான் எழுதியிருக்காங்க. நடக்கணுமாம், தொடைக்குப் பயிற்சி குடுக்கணுமாம். உக்காந்தே இருந்தா தசை போயிடுமாம். பெரிய ஆய்வு ஒண்ணு வந்திருக்கு, எல்லாரும் அதைப் பாத்து எழுதுறாங்க."

கத்தி கேக்கில் பாதியில் நின்றது. இதோ, மனிதர் வீட்டுக்கு ஓடப் போகிறார் என்றுகூட நினைத்தேன்.

"தப்புன்னு சொன்னா, எண்ணிக்கைல கழிச்சிருவாங்களாம்மா?"

"கழிக்க மாட்டாங்க சார்."

"அப்புறம் என்ன? சின்ன ஆளையா தப்புன்னு சொல்லுவாங்க? பெரிய ஆளைத்தான் சொல்லுவாங்க. கேக் எடுத்துக்கோங்க."

எடுத்துக்கொண்டோம். கேக் நன்றாகத்தான் இருந்தது.

அந்தப் பெரிய ஆய்வின் பிரதி ஒன்றை அன்றைக்கே வீட்டுக்கு எடுத்துப் போய், கடைசிப் பக்கத்தை மேலாக மடித்து, மனைவியின் மடியில் போட்டிருக்கிறார். பதினேழாவது பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு. "பாரு, வெளிநாட்டுக்காரன் எழுதியிருக்கான். யாரு பேரு?"

அதன் பிறகு நெடுநாள் கழித்து, எண் ஆயிரத்தைத் தாண்டிய மாலையில், மனைவியிடம் சொல்லும்போது ஒரு சாட்சி இருக்கட்டும் என்று என்னையும் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். வாசலிலிருந்தே, "ஏய், ஆயிரம்!" என்றார். கூடத்தில் நாற்காலி காலி. முக்காலி சுவரோரமாகத் தள்ளியிருந்தது. சமையலறை, படுக்கையறை, குளியலறை எல்லாவற்றிலும் எட்டிப் பார்த்தார். எங்கும் இல்லை. மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. அவசரத்தில் போனைப் போட்டார், ஸ்பீக்கரில் விழுந்துவிட்டது.

"எங்க இருக்கே?"

"பொண்ணு வீட்டுல."

"கீழ தெருவுலயா நிக்கிறே?"

"மேலதான் இருக்கேன். பாப்பாவைக் குளிப்பாட்டிட்டு இருக்கேன்."

"மூணு மாடியும் ஏறினியா? யாரைக் கேட்டு ஏறினே?"

"நீங்க மடியில போட்டீங்களே ஒரு பேப்பர், அதைக் கேட்டுத்தான். சும்மா உக்காந்திருக்கறவ வேற என்ன பண்ணுவா? பதினேழுன்னு கோடு போட்டிருந்துச்சு. பதினேழைப் பத்தி என்னதான் சொல்றாங்கன்னு முதல் பக்கத்துலேர்ந்து படிச்சேன்." குழந்தை ஏதோ கத்தியது. "அப்புறம் டாக்டர்கிட்ட போனேன். பயிற்சி சொல்லிக் குடுத்தாங்க. நீங்க ஆபீஸ் போனதும் கூடத்துல நடந்தேன், அப்புறம் தெருவுல நடந்தேன். இன்னும் வலி இருக்கு. ஆனா ஏற முடியுது."

மேற்கோளார் காலியான நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றார். உதடு துடித்தது. மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்; இப்படிப்பட்ட நேரத்தில் அடுத்தவர் முகத்தைப் பார்க்கக் கூடாது.

"முழுசாப் படிச்சியா?"

"முழுசா."

"உள்ளே என் பேர் எத்தனை இடத்துல வருது?"

அந்தப் பக்கம் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

"ஒரு இடத்துல வருது. தப்புன்னு சொல்ற இடத்துல. அந்தத் தப்புதான் என் காலை முடக்கிப் போட்டுச்சு. வைக்கட்டுமா? பாப்பாவுக்குக் குளிரும்."

போன் அணைந்தது. அவர் அந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். ஆயிரத்தைப் பற்றி அதன் பிறகு அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் கணினியைப் போட்டாரா? போட்டார். எண் ஏறியிருந்தது. வணக்கம் மட்டும் கிடைக்கவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நமக்கென்ன, நாம் கட்டுரையா எழுதுகிறோம் என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். எழுத வேண்டியதில்லை ஐயா, அம்மா. "இந்தக் குடும்பத்துல என்னைக் கேக்காம எதுவும் நடக்காது" என்று ஒரு தடவையாவது சொல்லியிருந்தால் போதும். நீங்கள் சொன்னதை யார் யார் திருப்பிச் சொன்னார்கள் என்று உங்களுக்கு மனப்பாடமாகத் தெரியும். சொன்னது பலித்ததா என்று எப்போதாவது போய்ப் பார்த்ததுண்டா? இந்தப் படிப்பு உனக்கு வராது, அந்த வேலை உனக்கு ஒத்துக்கொள்ளாது, உனக்குப் பாட்டெல்லாம் எதற்கு என்று என்றைக்கோ அடித்துச் சொல்லிவிட்டு மறந்திருப்பீர்கள். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டில் யாராவது இன்னும் உட்கார்ந்திருக்கிறார்களா என்று ஒரு நடை எழுந்து போய்ப் பாருங்கள். இருந்தால், தப்பாகச் சொல்லிவிட்டேன், எழுந்திரு என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால்தான் கேட்பார்கள்; தொல்லையே அதுதான்.