எங்கள் வாசல் சாக்கடை மூடி யார் அதிகாரத்தில் வருகிறது?

திருவண்ணாமலை,
வியாழக்கிழமை.

மதிப்பிற்குரிய சம்பந்தி பலராமன் அவர்கள் சமூகத்திற்குத் தருமன் பணிவுடன் எழுதிக்கொள்வது. அண்ணாமலையார் புண்ணியத்தில் நானும் ரேணுகாம்பாளும் நலம். தாங்களும் சம்பந்தியம்மாளும் மருமகள் பூஜாவும் பேரன் எழிலும் நலம்தானே? தங்கள் வலது கால் வீக்கம் வற்றிவிட்டதா?

பேரனின் காதுகுத்துக்கு வந்தபோது எங்கள் வாசல் சாக்கடையில் தாங்கள் முழங்கால்வரை இறங்கியதும், "மூடி போட்டுட்டு எழுதுங்க சம்பந்தி, அப்பதான் புள்ளைய அனுப்புவேன், இப்பதான் நடக்க ஆரம்பிச்சிருக்கான்" என்று சொல்லி மகளையும் பேரனையும் கீழ்பென்னாத்தூருக்கு அழைத்துச் சென்றதும் முற்றிலும் நியாயம். என் மகன் சரவணகுமார்கூட இப்போது சனிக்கிழமைதோறும் பெங்களூரிலிருந்து நேராகத் தங்கள் வீட்டுக்கே வந்துவிடுகிறான், அதுவும் நியாயம்தான். ரேணுகாம்பாள்தான் பேரனின் படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, பிறகு என்னை ஒரு பார்வை பார்க்கிறாள். ஆகவே முதலில் நல்ல செய்தி: மூடி போட்டாகிவிட்டது. இவ்வளவு தாமதத்துக்கு என் சோம்பல் காரணமல்ல என்று நினைக்கிறேன். தாங்கள் படித்துப் பார்த்துச் சொல்லலாம்.

நான் குடிமையியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பது தங்களுக்குத் தெரியும். கீழே மக்கள், அதற்கு மேல் உறுப்பினர், அதற்கு மேல் மன்றம் என்று கரும்பலகையில் கட்டம் கட்டமாகப் போட்டு அம்புக்குறி வரைந்தே காலம் கழித்தவன். அதே அம்புக்குறியைப் பிடித்துக்கொண்டு கவுன்சிலர் வீட்டுக்குப் போனேன். வாசலில் இளவரசன் என்பவர் உட்கார்ந்திருந்தார். "கவுன்சிலர் இருக்காங்களா?" என்றேன். "சொல்லுங்க சார், நான்தான்" என்றார். நான் ஓட்டுப் போட்டது தேவிப்ரியா என்ற பெயருக்கு. எனக்குத்தான் மறதியோ என்று பயந்து, "அம்மாவைப் பாக்கணும்" என்று இழுத்தேன். உள்ளிருந்து அந்தப் பெண்ணே எட்டிப் பார்த்து, "சார்! நான் உங்க ஸ்டூடண்ட் சார், டென்த்ல!" என்றது. மகிழ்ந்துபோய் மனுவை நீட்டினேன். "அவர்கிட்ட குடுங்க சார். நான் கையெழுத்து மட்டும்தான்." "பாடத்துல அப்படி இல்லியேம்மா?" "இதெல்லாம் அவுட் ஆஃப் சிலபஸ் சார். காபி சாப்பிடறீங்களா?"

கணவர் இளவரசன் மனுவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "நாங்க எதிர்க்கட்சி சார், நம்ம வார்டுக்கு ஃபண்டு கம்மி. உங்க வூடு மட்டும் கிரிவலப் பாதையில இருந்துதுன்னா கிரானைட்லயே போட்டிருப்பாங்க. ஆபீஸ்ல போய்க் கேளுங்க" என்றார். போய்க் கேட்டேன். "சாக்கடை எங்களுது சார், ரோடு நெடுஞ்சாலைக்காரங்களுது. மூடி ரெண்டுக்கும் நடுவுல வருதே" என்றார் ஒருவர். நெடுஞ்சாலைக்குப் போனால், "ரோடு முடியற எடத்துல எங்க வேலையும் முடிஞ்சிடுதுங்க" என்றார் இன்னொருவர். நான் இருவருக்கும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். வழியில் யோசித்தால், என் பேரன் கால் வைக்கப்போகிற அந்த ஒன்றரை அடி அகலத்துக்கு மட்டும் இந்த நாட்டில் அரசாங்கமே இல்லை. பௌர்ணமி முடியட்டும் என்றார்கள், முடிந்தது. தீபம் முடியட்டும் என்றார்கள், அதுவும் முடிந்தது. கவுன்சிலர் கடிதம் வாங்கி வா என்றார்கள், அதற்கு இளவரசன் ஊரில் இல்லை, தேவிப்ரியா இருந்தது, ஆனால் லெட்டர்பேடு இளவரசனோடு போயிருந்தது.

வேறு யாராவது விழுந்துவிடப்போகிறார்களே என்று, ரேணுகாம்பாளின் பழைய சிவப்பு ரவிக்கைத் துணியை, வெள்ளைப் புள்ளி போட்டது, ஒரு மூங்கில் கழியில் கட்டிச் சாக்கடை ஓரத்தில் நட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. விடிந்ததும் வாசலில் புல்லட் சத்தம். "இன்னா சார், ஒரு வார்த்த கேக்காம கொடி நட்டுட்டீங்க? எந்தக் கட்சி இது?" என்றார் இளவரசன். "கட்சி இல்லீங்க, ரவிக்கைத் துணி" என்றேன். "ஆரம்பத்துல எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க. எத்தினி பேரு இருக்கீங்க?" எனக்குப் பொய் வராது. "நானும் வீட்டம்மாவும்தான்" என்றேன். "ஓ, மகளிர் அணி வேற ஆரம்பிச்சாச்சா!" என்று போய்விட்டார்.

மத்தியானத்துக்குள் அவர் கட்சிக் கம்பம் வந்து இறங்கியது. அதைப் பார்த்து ஆளுங்கட்சிக்காரர் இளஞ்செழியன் அதைவிட உயரமாக ஒன்று கொண்டுவந்தார். ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள், நமக்கு மட்டும் வேண்டாமா என்று ஒன்று. கொடியேற்ற இரண்டு தரப்பிலும் தலைவர்கள் வருகிறார்கள் என்றதும்தான், வருகிறவர் எங்கே நிற்பார் என்ற கேள்வி பிறந்தது. "தலைவரு சாக்கடையில வுழுந்தா யாரு பதில் சொல்றது?" என்று இளஞ்செழியன் கத்த, "உங்காளு வுழுந்தா எனக்கின்னா?" என்று இளவரசன் கத்த, கத்திக்கொண்டே இருவர் ஆட்களும் போட்டி போட்டு, எங்கள் வாசல் நெடுகக் கம்பி கட்டி, கம்பங்களையும் அதிலேயே நிறுத்தி, கான்கிரீட் போட்டுவிட்டார்கள். மனு இல்லை, தீர்மானம் இல்லை, நிதி எங்கிருந்து என்று கேட்க எனக்கும் வாய் வரவில்லை. தேவிப்ரியா வந்து பார்த்து, "இதுக்கு என் கையெழுத்துகூடக் கேக்கல சார்" என்றது. பாவமாக இருந்தது.

மூடி நன்றாக இறுகிவிட்டது. நானே மேலே ஏறி நின்று பார்த்தேன். ரேணுகாம்பாளை நிற்கச் சொன்னேன், பேரன் வந்துதான் நிற்பேன் என்றுவிட்டாள். வரும் ஞாயிறு நாள் நன்றாக இருக்கிறது. பூஜாவையும் எழிலையும் தயவுசெய்து அனுப்பிவையுங்கள். தாங்களும் வந்து, அதே காலை வைத்தே பரிசோதிக்கலாம். பேரனுக்கு எங்கள் ஆசி. சம்பந்தியம்மாளுக்கு ரேணுகாம்பாளின் அன்பு.

பணிவுள்ள,
க. தருமன்

பின்குறிப்பு: இதை அஞ்சலில் சேர்க்கக் கதவைத் திறந்தால் வாசலில் ஜேசிபி. பொது இடத்தில் கொடிக்கம்பம் கூடாது என்று உத்தரவாம். நான் படியேறிய இரண்டு அலுவலகத்தாரும், வருவாய்த் துறையும், போலீசும் ஒன்றாக வந்திருந்தார்கள். "கம்பத்தை எடுங்க, மூடியை மட்டும் விட்டுடுங்க" என்று கும்பிட்டேன். "ரெண்டும் ஒண்ணா போட்டிருக்குதே சார், தனியா எப்படி எடுக்கறது?" என்றார்கள். "இந்த இடம் யார் அதிகாரத்துல வருது?" என்று மெல்லக் கேட்டேன். "எங்க எல்லார்துலயும்தான்" என்றார்கள். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. பழையபடி திறந்து கிடக்கிறது. முன்பைவிடக் கொஞ்சம் அகலம். குழந்தையை அனுப்ப வேண்டாம். ரேணுகாம்பாள் பையில் துணி எடுத்து வைத்துவிட்டாள். ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் நாங்களே வருகிறோம். தங்கள் வாசல் சாக்கடைக்கு மூடி இருக்கிறதா என்று மட்டும் ஒரு வரி தெரிவிக்க வேண்டுகிறேன்.