மைனரை மேஜராக்கிய நிச்சயதார்த்தம்

என் தங்கை மஞ்சுவின் கல்யாணம் நின்றுபோகப் பார்த்ததற்குக் காரணம் ஜாதகமல்ல, என் நடுவிரல். (தப்பாக நினைக்க வேண்டாம். கீபோர்டில் வைத்த விரல்தான்.)

தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூரு பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் அப்ரென்டிஸாக இருந்தேன். எங்கள் வம்சத்திலேயே டிப்ளமோ வரை போன முதல் ஆள். வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் அப்பா என்னிடம்தான் நீட்டுவார். "இது என்ன சொல்லுதுன்னு பாரு." நான் படித்துச் சொல்வதுதான் தீர்ப்பு. அச்சில் வந்தது பொய்யாகாது என்று அப்பாவைவிட நான்தான் அதிகம் நம்பினேன்.

அந்த நம்பிக்கையோடுதான் ஒரு மேற்கத்திய இசைப் புத்தகத்தை நூலகத்திலிருந்து எடுத்துவந்தேன். நண்பனின் பழைய கீபோர்டும் ஓர் அகராதியும் துணை. மைனர் கார்ட் என்பது மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்துவது. முதல் கட்டையிலிருந்து கறுப்பு, வெள்ளை எல்லாம் சேர்த்து மூன்று எண்ணினால் நடுக்கட்டை. அங்கிருந்து நான்கு எண்ணினால் கடைசி. மேஜருக்கு முதலில் நான்கு, பிறகு மூன்று. எப்படிக் கூட்டினாலும் ஏழு. மேஜரை மைனராக்க ஓரத்து இரண்டும் அசையாது, நடுவில் இருப்பது மட்டும் ஒரு கட்டை இறங்கும். அவ்வளவுதான், வீடே இருண்ட மாதிரி இருக்கும்! புரிந்த அன்று லேத் முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர், "ஒடம்பு சரியில்லையா?" என்றார்.

புத்தகம் சொன்னது: மேஜர் மகிழ்ச்சி, மைனர் சோகம்.

நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் அத்திபெலேயிலிருந்து வேனில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை ரவியின் அக்கா கலாவதி அந்தக் குடும்பத்தின் ஆஸ்தானப் பாடகி. தட்டு மாற்றுவதற்கு முன் அவர் பாடியே ஆகவேண்டும் என்பது அவர்கள் வழக்கம். மருமகளுக்கு ரசம் வைக்கத் தெரியாது, மாமியாருக்குச் சும்மா இருக்கத் தெரியாது என்று போகும் கேலிப் பாட்டு.

"எங்க பையன் கூடவே கீபோர்டு வாசிப்பான்" என்றார் அப்பா, பெருமையாக.

முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிட்டேன். மைனர்! நல்ல காரியத்தில் சோகமா? தங்கையின் வாழ்க்கை என்னாவது? நடுவிரலை ஒரு கட்டை மேலே ஏற்றினேன்.

கலாவதி அக்காவின் குரல் ஒரு பக்கம் இழுத்தது, என் கீபோர்டு இன்னொரு பக்கம். அவர் தடுமாறினார். திரும்ப ஆரம்பித்தார். நான் இன்னும் அழுத்தமாக மேஜர் வாசித்தேன். எங்கள் பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"ஸ்வல்ப நிறுத்துப்பா! நான் சுருதி விட்டுப் பாடறேன்னு நாலு பேருக்குக் காட்டறியா?" கோபத்தில் கலாவதி அக்காவுக்குக் கன்னடம் கலந்து வந்தது.

"ஐயோ, இல்லக்கா. உங்க பாட்டு சோகப் பாட்டு. புத்தகத்துல போட்டிருக்கு. அதான் நான் மங்களமா மாத்தி..."

தட்டுகளில் வெற்றிலை அப்படியே இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா தோளில் துண்டை எடுத்துப் போட்டார், எழுந்திருக்கப் போகிறவரைப் போல. அப்பா என்னைப் பார்த்தார். முதல்முறையாக, நான் படித்ததைச் சந்தேகிக்கும் பார்வை.

"சோகமா? என் கல்யாணத்துலயும் இதே பாட்டுத்தான் பாடினாங்க!" என்றார் கலாவதி அக்கா.

பின் வரிசையிலிருந்து அவர் கணவர் குரல் வந்தது. "புக்குல கரெக்டாத்தாம்மா போட்டிருக்கு."

முதலில் சிரித்தது கலாவதி அக்காதான். துண்டு போட்டவரும் மறுபடி சாய்ந்து உட்கார்ந்தார். தலை குனிந்து உட்கார்ந்திருந்த மஞ்சு நிமிராமலே பல்லைக் கடித்தாள். "அண்ணா, அந்த விரலைக் கீழ எறக்கு."

இறக்கினேன். அக்கா பாடினார். மாமியார் வரி வந்ததும் மாமியாரே கைதட்டிச் சிரித்தார். அத்தனை சிரிப்பும் மைனரில்தான் நடந்தது. நடுக்கட்டை எங்கே நிற்கிறது என்று புத்தகம் சரியாகத்தான் சொல்லியிருந்தது. அதன்மேல் ஏறி நின்று யார் யாருக்காகப் பாடுகிறார்கள் என்பதை நான்தான் கேட்கவே இல்லை.

தட்டு மாறியது. இப்போதும் மஞ்சு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் ரவி எனக்குப் போன் செய்வார். "மச்சான், உங்க தங்கச்சி மைனருக்குப் போயிட்டா. வந்து ஒரு விரல் ஏத்திட்டுப் போங்க."

பின்னால் மஞ்சு கத்துவது கேட்கும். "அவன் மட்டும் வரவே வேணாம்!"